ஒண்டி ஆளுக்கு ரூம் இல்லை

பங்காருபாளையத்துக்குக் குடிவந்து எட்டு வருடம் ஆகிறது. இன்னும் எனக்குப் பழகாத ஒரு விஷயம் உண்டு. இங்கே ஒருவன் திருப்பதிக்குப் போகிறேன் என்று சொன்னால், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் தஞ்சாவூருக்குப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பல் பிடுங்கவா, பட்டு எடுக்கவா, கோர்ட்டில் வாய்தாவா என்று தெரு முனைக்குள் நாலு பேர் கேட்டுவிடுவார்கள். இங்கே கேள்வியே கிடையாது, நேராகப் பட்டியல்தான். போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, குளித்தும் குளிக்காமலும் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியபோது, வீட்டு ஓனர் ஜெயம்மா வாசலிலேயே மறித்துவிட்டார். மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை ஒன்று, அவர் மருமகளுக்குப் பிள்ளை பிறக்க வேண்டி ஒரு தேங்காய், அது போக லட்டு மூன்று. எதிர்வீட்டுக்கு லட்டு இரண்டு. என் தலையைத் தடவிப் பார்க்காத குறையாக, "மொட்ட போட்டுக்கினு வருவியா, இல்ல பூ முடியா" என்று கேட்டார். நான் பாட்டுக் கச்சேரி கேட்கப் போகிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, போகிற வழியில் பழத்தையும் வாங்கிக்கோ என்றார்.

நான் உண்மையிலேயே கச்சேரிக்குத்தான் போனேன். அதை இந்தக் கட்டுரையில் நான் நாலு முறை சொல்ல வேண்டி வரும். அன்றைக்கு நாற்பது முறை சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

கச்சேரியில் பிடில் வாசிக்கப் போகிறவன் என் நண்பன் சேது. மன்னார்குடியில் தாமரைக்குளம் வடகரைத் தெருவில் அவன் வீடு பதினாலு, எங்கள் வீடு பதினாறு. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவர் வழியாக அவன் சாதகம் செய்த அத்தனை அபஸ்வரத்தையும் நான் கேட்டு வளர்ந்தேன். சங்கீதத்தில் எனக்கு அன்றும் ஒன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் முதல்முதலாக மேடை ஏறியபோது சேதுவுக்கு வில் பிடித்த கை நடுங்கியது. இடது பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான், நடுக்கம் நின்றுவிட்டது. ஏன்டா என்று பிறகு கேட்டதற்கு, "உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்ல, அதான்" என்றான். அதற்குப் பிறகு அவன் எங்கே வாசித்தாலும் இடது பக்கம் முதல் வரிசை ஓரத்து நாற்காலி என்னுடையது. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் நான் உட்கார்ந்து தொடையில் தப்புத் தப்பாகத் தாளம் போட்டால்தான் அவனுக்கு வாசிப்பு வரும்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் ஒருநாள் தூங்கிவிட்டேன். ஆறு வருடத்துக்கு முன்னால், மார்கழி மாதம், சென்னையில் ஒரு பெரிய சபாவில். சேதுவுக்கு அங்கே அதுதான் முதல் வாய்ப்பு. ஃபாக்டரியில் அப்போது கொய்யாக்கூழ் ஓடிக்கொண்டிருந்தது. பாய்லர் பார்க்க மாற்று ஆள் இல்லை. இரவு முழுக்க நின்றுவிட்டு, காலையில் பஸ் ஏறி, சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தேன். சபாவில் ஏசி போட்டிருந்தார்கள். பாடகர் ஆலாபனையை முடித்துவிட்டு சேதுவின் முறை வந்தது. அவன் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு போய், வில் கம்பியில் படுகிறதா இல்லையா என்று தெரியாத ஒரு இடத்தில் கொண்டு நிறுத்தினானாம். அந்த நிசப்தத்தில் என் குறட்டை கேட்டிருக்கிறது. சாதாரணக் குறட்டை இல்லை, பாய்லர் ஆளின் குறட்டை. பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்ப, நான் பதறி எழுந்து பலமாகக் கை தட்டினேன். தட்டக் கூடாத இடம். அரங்கமே சிரித்தது. அந்தக் கச்சேரியை யாரோ யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள், இன்னமும் இருக்கிறது. கீழே ஒருவர், அந்த மோர்சிங் வாசிப்பவர் யார், பெயர் போடவில்லையே என்று கேட்டிருக்கிறார்.

சேது என்னிடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். பிடில் பெட்டியை மூடிக்கொண்டு போனவன் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். போன் செய்தால் எடுக்கமாட்டான். எனக்கும் ரோஷம் வந்தது. இரவு முழுக்கக் கண் விழித்து நாலரை மணி நேரம் பஸ்ஸில் வந்தவனைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லையா என்று நானும் விட்டுவிட்டேன். ஆறு வருடம் அப்படியே ஓடிவிட்டது. ஜூன் மாதம் அவன் மனைவி கமலாவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. "அண்ணா, அவர் ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் வாசிக்கிறார், ஐந்து மணிக்கு. நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள். எந்த மேடையிலும் உட்கார்ந்தவுடன் இன்னும் அந்த ஓரத்து நாற்காலியைத்தான் பார்க்கிறார்." இதைப் படித்துவிட்டு நான் பாய்லர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அங்கே கண் வியர்த்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆகவே என் திட்டம் எளிது. இந்த முறை அந்த நாற்காலியில் விழித்துக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஜூன் என்றால் இங்கே மாங்காய் சீசன். ஃபாக்டரி வாசலிலிருந்து ஹைவே வரைக்கும் டிராக்டர் வரிசை நிற்கும். நாம் கிளிமூக்கு என்று ஊறுகாய்க்கு நறுக்குகிற அதே மாங்காயை இவர்கள் தோத்தாப்புரி என்று மரியாதையாகப் பெயர் சொல்லி, பழமாக்கி, கூழாக்கி, டப்பாவில் அடைத்துக் கப்பல் ஏற்றுகிறார்கள். சீசனில் லீவு என்ற சொல்லை உச்சரித்தாலே சூப்பர்வைசர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் எனக்குத்தான். காலை ஆறு மணிக்கு முடித்து, பஸ் பிடித்து, பதினோரு மணிக்குத் திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்து, மாம்பழ வாசனை போகக் குளித்து, நாலு மணி வரை தூங்கி, ஐந்து மணிக்குத் தெளிந்த கண்ணோடு உட்காரலாம் என்று கணக்குப் போட்டேன். திரும்பிவரச் சித்தூரிலிருந்து இரவில் வண்டி கிடைக்காது, அதற்கும் அந்த ரூம் உதவும். என் மனைவி செல்வி, போகிற வழியில் சித்தூரில் இறங்கி ஆதார் சென்டரில் கொடு என்று ஒரு படிவத்தையும் பையில் வைத்தாள். எட்டு வருடமாக என் ஆதாரில் மன்னார்குடி விலாசமே இருக்கிறது. பையன் பள்ளிக்கூடம், கேஸ் சிலிண்டர் என்று எல்லா இடத்திலும் இதனால் அவளுக்குத்தான் அலைச்சல். "இன்னிக்காவது ஆந்திராவுக்கு வந்து சேருங்க" என்றாள். சித்தூரில் இறங்கியதும் திருப்பதி பஸ் புறப்பட்டு நகர்ந்துகொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை சென்டர் திறந்திருக்குமா என்ற சந்தேகமும் இருந்தது. ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் தூங்கலாம் என்று நினைத்திருந்தேன், இடமே கிடைக்கவில்லை. சந்திரகிரி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மேல் வந்த வாசனைக்கு ஒரு தேனீ சித்தூரில் ஏறி, டிக்கெட் வாங்காமல் என் காலரிலேயே பயணம் செய்தது. திருப்பதியில் இறங்கி ஆட்டோக்காரரிடம் கச்சேரி நடக்கும் கலையரங்கத்தின் பெயரைச் சொல்லி, அதன் பக்கத்தில் ஏதாவது ஒரு லாட்ஜுக்கு விடுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார். கால் மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தால் அலிபிரி. எதிரே மலை, படிக்கட்டு வாசல், கற்பூரத் தட்டோடு கூட்டம். இங்கே ஏன் கூட்டி வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் கோபமே படாமல், ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, "முந்து தரிசனம் சார். அப்பறம் பாட்டு கேக்கலாம்" என்றார். எனக்குத் தரிசனம் வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அந்த மலையை எதிரே வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? ஜெயம்மாவின் தேங்காயை அங்கேயே உடைத்து, காணிக்கையை உண்டியலில் போட்டு, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதே ஆட்டோவில் திரும்பினேன். அதற்குள் மணி பன்னிரண்டு.

முதல் லாட்ஜில் தெலுங்கில் கேட்டார்கள், "எந்தமந்தி?" எத்தனை பேர் என்று அர்த்தம். ஒரு விரலைக் காட்டினேன். "ஒக்கரேனா?" என்று கேட்டுவிட்டு, என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார் கவுண்ட்டர்காரர். யாரும் வரவில்லை. தேனீகூட அலிபிரியில் இறங்கிவிட்டிருந்தது. "சிங்கிள்க்கு இவ்வமு சார்" என்றார், தனி ஆளுக்குத் தருவதில்லையாம். ரெஜிஸ்டரை மூடினார். இரண்டாவது லாட்ஜிலும் மூன்றாவது லாட்ஜிலும் அதே பதில். குடும்பமாக வா, கூட்டமாக வா, இருபது பேர் ஒரு ரூமில் அடைந்துகொள், ஒன்றும் சொல்லமாட்டார்கள். தனியாக மட்டும் வரக் கூடாது. தனியாக வந்தவன் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே என்ன செய்துகொள்வானோ என்று இவர்களுக்குப் பயம், பிறகு போலீஸ், ஸ்டேஷன் என்று அலைய வேண்டும். நான் சும்மா தூங்கத்தான் போகிறேன் என்று ஒருவரிடம் விளக்கினேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, திருப்பதிக்கு வந்து, சாமி பார்க்காமல், தனியாகத் தூங்க ரூம் கேட்கிறவன் என்றதும் அவர் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. தண்ணீர் கொடுத்து, ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்து அனுப்பினார்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது புரியாது. மன்னார்குடியில் ஒருவன் ஒண்டியாகப் போய் நின்றால் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், சொந்தக்காரன் வீடு எது என்று கேட்பார்கள், கதை முழுவதையும் கறந்துவிட்டுத்தான் விடுவார்கள். ஆனால் படுக்க ஒரு இடம் கிடைத்துவிடும். அங்கே கச்சேரி கேட்பதற்கு ரூமும் வேண்டாம், ரிசர்வேஷனும் வேண்டாம். பிராகாரத்து மணலில் துண்டை விரித்தால் அதுவே சபா, அதுவே லாட்ஜ். நாதஸ்வரத்துக்கு நடுவில் எத்தனையோ பேர் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள், எந்த வித்வானும் அவர்களோடு பேச்சை நிறுத்தியதில்லை. இந்த நியாயத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு மணி வெயிலில் நாலாவது லாட்ஜுக்குள் நுழைந்தேன். அங்கே கவுண்ட்டரில் ஒரு ஆள் ஏற்கெனவே கெஞ்சிக்கொண்டிருந்தார். சந்தன நிற ஜிப்பா, வியர்வையில் ஒட்டிய முதுகு, தோளில் பிடில் பெட்டி.

சேதுவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி கவுண்ட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். பாடகர் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டார், மிருதங்கக்காரர் உள்ளூர், சேதுவிடம் மட்டும் எங்காவது ரூம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அவனும் ஒண்டி ஆள். அவனுக்கும் மூன்று லாட்ஜில் முடிந்திருந்தது. கவுண்ட்டரில் இருந்தவர் பெயர் முனிரத்தினம், பிச்சாட்டூர்க்காரர், நம் பாஷை பேசுகிறவர். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களும் ஒண்டி, இவரும் ஒண்டி. ரெண்டு பேரும் சேந்துக்கினா டபுள் ரூம் கீது. இல்லாங்காட்டி எனக்கு ஒண்ணும் பண்றதுக்கு இல்ல சார்."

நான் சேதுவைப் பார்த்தேன். சேது சுவரில் மாட்டியிருந்த பெருமாளைப் பார்த்தான். பிறகு முனிரத்தினத்திடம், அவர் தூங்குவாரா என்று கேளுங்கள், எனக்கு சாதகம் பண்ண வேண்டும் என்றான். நான் முனிரத்தினத்திடம், சாதகத்தால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று சொல்லுங்கள் என்றேன். மூன்று பேரும் ஒரே கவுண்ட்டரில் ஒரு முழம் இடைவெளியில் நின்றுகொண்டுதான் இந்தத் தூது நடந்தது. முனிரத்தினம் பொறுமையாக இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னார். பிறகு ஆதார் கேட்டார், இருவரும் கொடுத்தோம். ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னா சார் இது. ஒரே ஊரு, ஒரே தெருவு. பதினாலு, பதினாறு. பக்கத்து வூட்டுக்காரங்களா இருந்துக்கினு இம்மாந்நேரம் என்னய நடுவுல வெச்சிப் பேசுனீங்களா."

அதற்கு மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வந்த காரணம் என்ற கட்டத்தில் எங்களைக் கேட்காமலேயே இருவருக்கும் தரிசனம் என்று எழுதினார். கச்சேரி என்று திருத்தச் சொன்னான் சேது. அதெல்லாம் ரெஜிஸ்டரில் இல்லை என்றார் முனிரத்தினம்.

ரூமில் இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி. நான் அரை மணி நேரம் சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து படுத்தேன். சேது எதிர்க் கட்டிலில் சம்மணமிட்டு, வில்லுக்கு ரோஸின் தேய்த்து, மெதுவாக சஹானாவை ஆரம்பித்தான். அன்றைக்கு நான் தூங்கிய அதே ராகம் என்பது எனக்கு யூடியூப் தயவில் தெரியும். இருபது மணி நேரமாக மூடாத கண். ஆனால் அவன் வாசிக்கும்போது கண்ணை மூட எனக்குத் தைரியமில்லை. ஒரே பாவத்தை இரண்டாம் முறை, அதுவும் கட்டணம் கட்டிய ரூமில் படுத்துக்கொண்டு செய்வதா? மின்விசிறியை எண்ணினேன். தொடையைக் கிள்ளிக்கொண்டேன். கண்ணை அகல விரித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பிரேதம் மாதிரி இருந்தேன் என்று பிறகு சொன்னான். பத்து நிமிடம் பொறுத்தவன் வில்லைக் கீழே வைத்தான்.

"நீங்க தூங்கலாம்" என்றான்.

"இல்லீங்க, பரவால்ல" என்றேன். பாலர் பள்ளியிலிருந்து வாடா போடா என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

"தூங்கித் தொலைடா. இப்பவே தூங்கிடு. அங்க வந்து தூங்காத."

அந்த 'டா'வைக் கேட்டதும் என் உடம்பு முழுக்க ஒரு கட்டு அவிழ்ந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவிருப்பது, என் காதோரத்தில் அவன் மேல் ஸ்தாயியில் வில்லை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்து எழுப்பியதுதான். மணி நாலு. நான் குறட்டை விட்டேனா என்று கேட்டேன். சுருதி சேர்க்க உதவியாக இருந்தது என்றான். பிறகு, ரூமில் எங்கே மாம்பழம் வைத்திருக்கிறாய், எனக்கு ஒன்று கொடு என்றான். வாசனை என்னுடையது என்று சொன்னபோது ஆறு வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தான்.

கலையரங்கத்தில் நாற்காலியெல்லாம் நிரம்பியிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, என் நண்பனுக்கு இவ்வளவு கூட்டமா என்று. இடது பக்கம் முதல் வரிசை ஓரத்தில் போய் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. வரிசை வரிசையாக மொட்டைத் தலை. அத்தனையிலும் ஈரச் சந்தனம். மலையிலிருந்து இறங்கி ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் பாதி, தரிசன டோக்கன் வாங்கிவிட்டு நாளைய நேரத்துக்குக் காத்திருப்பவர்கள் மீதி. வெளியே ஜூன் வெயில், உள்ளே இலவசமாக விசிறி, நாற்காலிக்கு முதுகு உண்டு. இதைவிட நல்ல இடம் திருப்பதியில் அந்த நேரத்தில் கிடையாது. மேடையில் வந்து உட்கார்ந்த சேது, கமலா சொன்னபடியே, முதலில் இந்த ஓரத்து நாற்காலியைப் பார்த்தான். நான் கண்ணை எவ்வளவு பெரிதாகத் திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து காட்டினேன். வில்லை எடுத்தான்.

முதல் உருப்படி முடிவதற்குள் அரங்கம் சாய ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாள் க்யூவில் நின்ற உடம்புகள். ஒரு மொட்டை இன்னொரு மொட்டையின் தோளில் விழும், அது அடுத்ததன் மேல் விழும். பாடகர் சஹானாவை எடுத்தபோது பின்வரிசைகளிலிருந்து குறட்டை எழுந்தது. தமிழ்க் குறட்டை, தெலுங்குக் குறட்டை, கன்னடக் குறட்டை. இனி உங்கள் முறை என்று சேதுவுக்குப் பாடகர் கை காட்டினார். சேது வாசிக்க வாசிக்கக் குறைத்துக்கொண்டே வந்து, ஆறு வருடத்துக்கு முன் நிறுத்திய அதே மெல்லிய இடத்துக்கு வந்து சேர்ந்தான். அந்த நிசப்தத்தில் எனக்குப் பின்னால் நாற்பது பேராவது மூச்சு விட்டார்கள். நான் மட்டும் விழித்திருந்தேன். எவ்வளவு விழித்திருந்தேன் என்றால், அவன் கண்ணைத் திறந்து முதலில் என்னையும் பிறகு எனக்குப் பின்னால் சாய்ந்து கிடந்த மொட்டைத் தலைகளையும் பார்த்ததைப் பார்த்தேன். அவன் உதடு துடித்தது. அழப்போகிறான் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்போடு அவன் ராகத்தை மேலே எடுத்துக்கொண்டு போன அழகு எனக்கே புரிந்தது, ஒன்றும் தெரியாத எனக்கே. முடித்தபோது எங்கோ நடுவரிசையில் ஒரு பெரியவர் திடுக்கிட்டு விழித்து, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், க்யூ நகர்ந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி "கோவிந்தா" என்றார். அத்தனை மொட்டைகளும் தூக்கத்திலேயே "கோவிந்தா, கோவிந்தா" என்றன. இப்படி ஒரு கைதட்டல் சேதுவுக்குச் சென்னையில் கிடைத்திருக்காது.

கச்சேரி முடிந்து சால்வை போர்த்தி, கலைஞர்களுக்கு ஆளுக்கு ஒரு பை லட்டுப் பிரசாதம் கொடுத்தார்கள். தெருவில் நடந்துகொண்டே சேது அந்தப் பையை என்னிடம் கொடுத்தான். ஜெயம்மாவுக்கு மூன்று, எதிர்வீட்டுக்கு இரண்டு, அப்படியும் மிச்சம் இருந்தது. கொஞ்ச தூரம் வந்ததும், "ஒரே ஒரு குறட்டைக்கு ஆறு வருஷம் பேசாம இருந்தேன். இன்னிக்குக் கணக்குப் பாத்தா இந்த ஊர்ல நான் யார்கிட்டயும் பேச முடியாதுடா" என்றான். நான் வருகிற கஷ்டத்தை அவன் நினைக்கவில்லையே என்று ரோஷப்பட்டதை நானும் சொன்னேன். அவன் என் தோளில் கை போட்டு, மாம்பழ வாசனை இன்னும் போகவில்லை என்றான்.

எட்டே முக்காலுக்கு அவனுக்குச் சென்னை பஸ். பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, முனிரத்தினத்திடம் போய்வருகிறேன் என்றான். வழியனுப்ப நானும் உடன் வந்தேன். முனிரத்தினம் சாவியைக் கொடு என்று என்னிடம் கையை நீட்டினார். நான் போகவில்லை, காலையில்தான் போவேன் என்றேன்.

"அவரு போய்ட்டாருன்னா நீங்க ஒண்டி ஆளாய்டுவீங்க சார். ஒண்டி ஆளுக்கு ரூம் இல்ல. மத்தியானமே சொன்னேன்."

பணம் காலை வரைக்கும் கட்டியாகிவிட்டது என்றேன். பணத்தைப் பற்றி அவர் பேசவேயில்லை. அவர் கவலை முழுக்க, நான் ராத்திரி தனியாக இருப்பேனே என்பதில்தான் இருந்தது. வேண்டுமானால் இங்கேயே கவுண்ட்டர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், காலையில் இட்லி துன்னுட்டுப் போகலாம் என்றார். சேது வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி வந்து, பிடில் பெட்டியைக் கவுண்ட்டர் மேல் வைத்தான்.

"நாளைக்குப் போய்க்கிறேன்" என்றான்.

அன்றிரவு அவன்தான் முதலில் தூங்கினான், நல்ல குறட்டை. மத்தியானம் தூங்கிவிட்டதால் எனக்குத் தூக்கம் வரவில்லை, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கிடந்தேன். தூங்குவதற்கு முன் நாங்கள் பேசிக்கொண்டதில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லாரும் எப்படி, சுவரில் அந்த அரச மரக் கன்று இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அவன் என்னைத்தான் கேட்கலாம் என்று இருந்தானாம். பதினாலாம் நம்பரை விற்றுவிட்டு அவன் சென்னைக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. பதினாறை நான் தெருப்பக்கமே போகாமல், பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்டு விற்று மூன்று வருடம். அவனுக்கும் ஆதாரில் விலாசம் மாற்ற நேரம் கிடைக்கவில்லை. இரண்டு வீட்டையும் வாங்கியவர் ஒருவரே, நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கி ஒரு கல்யாணச் சாமான் வாடகைக் கடை வைத்திருக்கிறார் என்று பிறகு விசாரித்தபோது அவனுக்கு யாரோ சொன்னார்களாம்.

காலையில் முனிரத்தினம் இரண்டு ஆதாரையும் திருப்பிக் கொடுத்து, ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினார். ஒரே தெருக்காரர்கள், பேசாமல் ஒரே பஸ்ஸில் ஏறிச் சேர்ந்து ஊருக்குப் போய்ச் சேருங்கள் என்று புத்தி சொன்னார். சரி என்றோம் இருவரும். பஸ் ஸ்டாண்டில் அவன் சென்னைப் பக்கம் போனான், நான் சித்தூர்ப் பக்கம் வந்தேன்.

சித்தூரில் இறங்கியபோது ஆதார் சென்டர் திறந்திருந்தது. வரிசையிலும் ஆள் இல்லை. படிவத்தைப் பையிலிருந்து எடுத்தேன், செல்வியின் அழகான கையெழுத்தில் பங்காருபாளையம் விலாசம் நிரப்பியிருந்தது. கொடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. மறுபடி மடித்து உள்ளே வைத்துவிட்டேன். ஏன் கொடுக்கவில்லை என்று செல்வி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். சேது அடுத்த வருடமும் திருப்பதிக்கு வாசிக்க வருகிறான். அப்போது எங்களுக்கு ரூம் வேண்டுமே.